இரண்டு வாரம் வரவில்லை என்றால் தேடி வருவார்கள்: எடின்பரோ ஹார்ட்ஸ் ரசிகர்கள்

கோர்கிவாசி:

நண்பர்களே, ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது. நான் எடின்பரோவுக்கு வந்தது 2011 கடைசியில். வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, பேச ஆள்தான் இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் நல்லவர்கள். ஆனால் ஐந்து மணியானால் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெள்ளி இரவிலிருந்து திங்கள் காலை வரை நான் வாய் திறந்து பேசாத வாரங்கள் உண்டு.

குடியேறிய இடம் கோர்கி. ஹார்ட்ஸ் என்று எல்லோரும் சொல்லும் ஹார்ட் ஆஃப் மிட்லோதியன் கால்பந்து கிளப்பின் டைன்காசில் மைதானம் அங்கேதான், அடுக்கு வீடுகளுக்கு நடுவில் இருக்கிறது. பக்கத்திலேயே நார்த் பிரிட்டிஷ் விஸ்கி வடிசாலை. காற்று திரும்பினால் தெரு முழுக்கத் தானியம் வேகிற வாசம், நெல் அவிக்கிற களத்தில் நிற்பது மாதிரி இருக்கும். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் தெருவே மெரூன் நிறத்தில் நடந்து போகும். ஒரு நாள் நானும் இறங்கி அந்தக் கூட்டத்தோடு நடந்தேன். அவ்வளவுதான், ஆரம்பம்.

பக்கத்து இருக்கைக்காரர் என்னை ஒரு ரசிகர் பஸ்ஸில் சேர்த்துவிட்டார். வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும் பஸ். அதை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற தபால்காரர். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருப்பார். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர்கள், எதிரே பென்சிலால் டிக். வராதவருக்குச் சின்ன வட்டம். இரண்டு வட்டம் விழுந்தால் போன் செய்வார்.

2012 ஜனவரியில் எனக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்து படுத்துக் கிடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் ஆள் இல்லை. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. கதவைத் திறந்தால் தபால்காரர். கையில் துணி சுற்றிய பாத்திரத்தில் பருப்பு சூப், கக்கத்தில் அந்த இரண்டு ஆட்டங்களின் நிகழ்ச்சிப் புத்தகம். என் தொலைபேசி எண் அவரிடம் கிடையாது. விலாசமும் தெரியாது. எந்த முனையில் இறங்குவேன் என்பது மட்டும்தான் தெரியும். அங்கிருந்து ஒவ்வொரு மாடிப்படி வாசலாக நின்று, அழைப்பு மணிப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே வந்திருக்கிறார். முப்பது வருடம் அதே தெருக்களில் தபால் கொடுத்தவர். "உன் பெயர் மாதிரி நீளமான பெயர் ஒன்றுதான் இருந்தது" என்றார்.

அவருக்கு என் ஊர் எது, நான் என்ன வேலை செய்கிறேன் என்று அன்றைக்குத் தெரியாது. எனக்கும் அவருடைய முழுப்பெயர் தெரியாது. ஆனால் நான் வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த உறவுக்கு என்ன பெயர் வைப்பது? நட்பு என்றால் கொஞ்சம் கூடுதலாகப் படுகிறது, பழக்கம் என்றால் குறைவாகப் படுகிறது. உங்களில் யாருக்காவது இப்படி அனுபவம் உண்டா?

பார்வையாளன்:

படிக்க மனசுக்கு இதமாக இருந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தபால்காரர் நல்ல மனிதர். அவர் தேவாலயத்தில் இருந்தாலும் இதையே செய்திருப்பார், நூலகத்தில் இருந்தாலும் செய்திருப்பார். இதில் கால்பந்துக்கு என்ன பங்கு? ஸ்காட்லாந்துக் கால்பந்து என்றால் எனக்கு நினைவுக்கு வருவது குடியும் அடிதடியும் மதச்சண்டையும்தான். கிளாஸ்கோவில் செல்டிக், ரேஞ்சர்ஸ் ஆட்டத்தன்று வேலை முடிந்து ரயிலில் வர நான் பயந்திருக்கிறேன். ஒரு கூட்டம் தன் ஆளைத் தேடிப் போகிறது, சரி. அதே கூட்டம் எதிராளியை என்ன செய்கிறது?

வடமராட்சியான்:

தம்பி பார்வையாளன் சொல்வதில் உண்மை இருக்கிறது. நான் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் இருபது வருசத்துக்கு மேல் இருக்கிறன். சில பாட்டுகளைக் கேட்டால் இரத்தம் கொதிக்கும். மறைக்க ஒன்றுமில்லை. 1980 மே மாதம் கிளாஸ்கோ ஹாம்ப்டன் மைதானத்தில் செல்டிக், ரேஞ்சர்ஸ் கோப்பை இறுதியாட்டம் முடிந்ததும் இரண்டு பக்க ரசிகர்களும் மைதானத்துக்குள்ளே இறங்கி அடிபட்டார்கள், குதிரைப் பொலிஸ் வந்துதான் கலைத்தது. அந்த வருசமே சட்டம் கொண்டுவந்து மைதானத்திலும் ரசிகர் பஸ்களிலும் மதுவைத் தடை செய்தார்கள். ஆகவே அண்ணை சொல்லும் அந்த பஸ்ஸில் குடி கிடையாது, தேத்தண்ணிதான்.

ஆனால் தொடக்கத்தைப் பாருங்கள். செல்டிக் கழகத்தை 1887இல் தொடங்கியவர் வால்ஃப்ரிட் என்ற அயர்லாந்துத் துறவி. கிளாஸ்கோவின் கிழக்கே பசியோடு இருந்த அயர்லாந்துக் குடியேறிகளின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடக் காசு வேணும், அதற்காகத்தான் கழகம். ஆட்டத்தை வைத்துச் சோறு போட்டார்கள். எங்கட ஊரிலும் விளையாட்டுக் கழகம் என்றால் பந்து மட்டுமா? செத்த வீடு நடந்தால் பந்தல் போடுவதும் கழகப் பெடியன்கள்தானே. அதனால் எனக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை.

1971 ஜனவரி 2ஆம் திகதி ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டில் நெரிசலில் 66 பேர் இறந்தார்கள், ரேஞ்சர்ஸ் ரசிகர்கள். அதைப் பற்றிக் கதைக்கும்போது என் பக்கத்து வீட்டு செல்டிக் கிழவனாரின் குரல் இன்றைக்கும் இறங்கிப்போகும். அன்று அவரும் அந்த மைதானத்தில், மற்றப் பக்கத்தில் நின்றவர்.

கோர்கிவாசி:

@பார்வையாளன், நியாயமான கேள்வி. நானே பல தடவை யோசித்தது. என் பதிலுக்கு 2013ஐச் சொல்ல வேண்டும்.

அப்போது கிளப்பின் உரிமையாளர் லித்துவேனியாவில் வங்கி வைத்திருந்த விளாடிமிர் ரோமானோவ். 2012 மே 19ஆம் தேதி கோப்பை இறுதியாட்டத்தில் நகரத்துப் போட்டியாளரான ஹிப்ஸை 5–1 என்று வென்றோம். (லீத் பக்கத்து ஹிப்ஸ் நண்பர்கள் மன்னிக்க.) அன்றைக்கு எங்கள் பஸ்ஸில் அழாத ஆள் இல்லை. அடுத்த வருடமே அந்த வங்கி கவிழ்ந்தது. ஜூன் 2013இல் கிளப் திவால் நிர்வாகத்துக்குள் போனது. கடன் இரண்டரைக் கோடி பவுண்டு அளவில் இருந்தது. மைதானத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிடுவார்கள் என்று தெருவில் பேச்சு.

அந்தக் கோடையில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஃபவுண்டேஷன் ஆஃப் ஹார்ட்ஸ் என்று ரசிகர்கள் ஏற்கெனவே ஒன்று தொடங்கி வைத்திருந்தார்கள். மாதம் பத்து பவுண்டிலிருந்து கட்டலாம், வங்கியிலிருந்து நேராகப் பிடித்துக்கொள்ளும். தபால்காரர் படிவக் கட்டோடு கோர்கி ரோட்டில் கடை கடையாக ஏறினார், நானும் கூடப் போனேன். முடிதிருத்தகத்தில் ஒருவர் தலையில் பாதி முடி வெட்டியபடியே கையெழுத்துப் போட்டார். ஒரு அம்மா தனக்கும் தன் இறந்துபோன கணவருக்கும் என்று இரண்டு படிவம் கேட்டார். ஒரு ஆளுக்கு ஒன்றுதான் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவர் பெயரிலேயே இரட்டிப்பாக எழுதிக்கொண்டோம்.

அந்த சீசனை 15 புள்ளி கழிவோடு தொடங்கினோம். புது ஆட்டக்காரர்களை எடுக்கத் தடை. பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் ஆடினார்கள். வாராவாரம் தோல்வி, கடைசியில் கீழ் டிவிஷனுக்கு இறங்கினோம். மைதானம் காலியாகவில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன். 2014இல் ஆன் பட்ஜ் என்ற எடின்பரோத் தொழிலதிபர் முன்பணம் போட்டுக் கிளப்பை மீட்டார், ரசிகர்கள் மாதாமாதம் கட்டி அவருக்குத் திருப்பினார்கள். 2014–15இலேயே டிவிஷனை வென்று மேலே வந்துவிட்டோம். 2021 ஆகஸ்டில் 75.1 சதவீதப் பங்கு ரசிகர்கள் கைக்கு வந்தது. சுமார் எட்டாயிரம் பேர் இன்றும் கட்டுகிறார்கள். கொரோனாக் காலத்தில் மைதானம் பூட்டிக் கிடந்தபோதும் கட்டினார்கள். ஆட்டம் பார்க்க முடியாதபோது ஆட்டத்துக்குக் காசு கட்டுவது ஏன்?

நூலகத்திலும் அந்தத் தபால்காரர் நல்லவராக இருந்திருப்பார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நூலகத்தில் நான் வராததை அவர் எப்படிக் கவனித்திருப்பார்? ஒரே இடம், ஒரே நேரம், வருடம் முழுக்க, ஜெயித்தாலும் தோற்றாலும். அந்த ஒழுங்கைக் கால்பந்துதான் கொடுக்கிறது. மனிதர்கள் நல்லவர்களாக இருக்க அது ஒரு சாக்கு.

தேன்கூடு:

நான் ஃபைஃப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். கால்பந்து எனக்குத் தெரியாது. ஆனால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் இல்லத்தில் ஒரு தாத்தா. மறதி நோய் முற்றிவிட்டது. மகள் வந்தால் "நீங்கள் யார்?" என்று மரியாதையாகக் கேட்பார். அந்த மகள் காரில் போய் உட்கார்ந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே கால்பந்து நினைவுகள் என்று ஒரு திட்டம் உண்டு, அல்சைமர் ஸ்காட்லாந்து அமைப்பும் ஸ்காட்டிஷ் கால்பந்து அருங்காட்சியகமும் சேர்ந்து நடத்துவது. தன்னார்வலர்கள் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களோடு வருவார்கள், வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அப்படி ஒருவர் வந்தார். மெரூன் கழுத்துத்துணி போட்டவர். மூன்று ஆட்டக்காரர்கள் நிற்கும் படம் ஒன்றைத் தாத்தா மடியில் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. தாத்தா கட்டைவிரலால் படத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரே மூச்சில் "கான், பால்ட், வார்டாக்" என்றார். பெருக்கல் வாய்ப்பாடு சொல்கிற பிள்ளை மாதிரி. அதற்கு அப்புறம் இருபது நிமிடம் பேச்சு நிற்கவே இல்லை. அப்பா தோளில் உட்கார்ந்து போனது, கூட்டத்தில் ஒரு செருப்பு தொலைந்தது, யாரோ முன்பின் தெரியாத ஆள் வீடு வரைக்கும் தூக்கி வந்தது. மகளுக்குப் போன் போட்டுக் கேட்க வைத்தோம். செருப்புக் கதையை அவர் அன்றைக்குத்தான் முதன்முறை கேட்டாராம்.

அந்தத் தன்னார்வலர் அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தார். தாத்தா இறந்தபோது சவ அடக்கத்துக்கு நான்கு பேரை அழைத்துக்கொண்டு வந்தார். அந்த நான்கு பேரும் தாத்தாவை உயிரோடு பார்த்ததே இல்லை.

கோர்கிவாசி அண்ணா, ஒரு கேள்வி. பெண்கள் தனியாகப் போகலாமா? நம் நிறத்தில் ஒருத்தி போனால் எப்படி இருக்கும்? நேராகச் சொல்லுங்கள்.

கோர்கிவாசி:

தேன்கூடு, அந்த மூன்று பெயர்களும் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். ஆல்ஃபி கான், வில்லி பால்ட், ஜிம்மி வார்டாக். 1957–58இல் லீக்கை வென்ற ஹார்ட்ஸ் அந்த ஒரு சீசனில் மட்டும் 132 கோல் போட்டது. தாத்தா சின்னப் பையனாக அதைப் பார்த்திருப்பார். அந்தச் செருப்பை நினைத்துக்கொண்டே இன்று வேலைக்குப் போனேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில். 1988 ஜனவரியில் ரேஞ்சர்ஸின் கறுப்பின ஆட்டக்காரர் மார்க் வால்டர்ஸ் டைன்காசிலுக்கு ஆட வந்தார். அவர்மீது வாழைப்பழம் எறிந்தார்கள், குரங்குச் சத்தம் போட்டார்கள். எறிந்தது என் கிளப் ரசிகர்கள். இதை மறைத்துவிட்டு சூப் கதையை மட்டும் நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். எங்கள் பஸ்ஸில் அன்று மைதானத்தில் இருந்தவர்கள் உண்டு. ஒருவர் என்னிடம், "நான் எறியவில்லை, ஆனால் பக்கத்தில் நின்றவனிடம் நிறுத்து என்று சொல்லவும் இல்லை" என்றார். வெளியூர் ஆட்டத்துக்கு டிங்வால் போகும் வழியில், பஸ் முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கும்போது சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

இந்த வருடங்களில் நான் இரண்டு முறை மோசமான வார்த்தை கேட்டிருக்கிறேன், இரண்டும் வெளியூரில். இரண்டு முறையும் நான் திரும்பிப் பார்ப்பதற்குள் எங்கள் ஆட்கள் எனக்கும் அவனுக்கும் நடுவில் நின்றார்கள். பெண்கள் நிறைய வருகிறார்கள். எங்கள் வரிசையில் பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை உட்காருகிறது. முதல் தடவை தனியாக வராதீர்கள், எங்களோடு வாருங்கள். அப்புறம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

லீத்கரை:

5–1ஐச் சொல்லிவிட்டு அடைப்புக்குறிக்குள் மன்னிப்பும் கேட்ட கோர்கிவாசிக்கு லீத்திலிருந்து வணக்கம். நான் ஹிப்ஸ். என் மகன் எங்கள் மைதானமான ஈஸ்டர் ரோட்டில் முதல் ஆட்டம் பார்த்தது நாலு வயதில். 2016 மே 21ஆம் தேதி டேவிட் கிரே தலையால் முட்டிய கோலில் நாங்கள் கோப்பையை வென்றபோது எங்கள் காத்திருப்பு 114 வருடம். மறுநாள் லீத்தில் தெரு கொள்ளாத கூட்டம். பல பேர் கையில் இறந்துபோன அப்பா, தாத்தா படங்கள் இருந்தன.

1990ஐயும் சொல்ல வேண்டும். ஹார்ட்ஸ் தலைவர் வாலஸ் மெர்சர் ஹிப்ஸை விலைக்கு வாங்கி இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்தார். ஹிப்ஸைத் தொடாதே என்று இயக்கமே எழுந்தது. ஊர்வலம், கூட்டம், மனு என்று கோடை முழுக்க ஓடினார்கள். என் மாமனார் அப்போது கப்பல் பட்டறையில் வேலை. பட்டறையில் கையெழுத்து வாங்கப் போனபோது ஹார்ட்ஸ் ரசிகர்களும் போட்டார்களாம். ஹார்ட்ஸின் கோல் மன்னன் ஜான் ராபர்ட்சனே அந்த இணைப்பை எதிர்த்தார். எதிரி இல்லாமல் போனால் சனிக்கிழமைக்கு அர்த்தம் இல்லை என்று மாமனார் சொல்வார். பார்வையாளன் கேட்டாரே, எதிராளியை என்ன செய்வார்கள் என்று. அந்த வருடம் கையெழுத்துப் போட்டார்கள்.

இன்னொன்று. ஹேமார்க்கெட் கடிகாரத் தூணில் நவம்பரில் மலர்வளையம் வைக்கிறார்களே, அதைப் பற்றி கோர்கிவாசிதான் எழுத வேண்டும். அது உங்கள் கதை. ஆனால் எங்கள் ஆட்களும் அதில் உண்டு.

கோர்கிவாசி:

எழுதுகிறேன். 1914 நவம்பரில் ஹார்ட்ஸ் லீக்கில் முதலிடம். போர் நடக்கும்போது பந்து விளையாடுகிறார்கள் என்று பத்திரிகைகள் ஏசிக்கொண்டிருந்தன. எடின்பரோவின் முன்னாள் எம்.பி. ஜார்ஜ் மெக்ரே ஒரு படைப்பிரிவு திரட்டினார், ராயல் ஸ்காட்ஸின் 16ஆவது பட்டாலியன். ஹார்ட்ஸ் ஆட்டக்காரர்கள் கூட்டமாகப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் பின்னால் ரசிகர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். ஹிப்ஸ், ஃபால்கர்க், ரெய்த் ரோவர்ஸ் ஆட்களும் அதே படையில். சனிக்கிழமை எதிரெதிராகக் கத்தினவர்கள் ஒரே பதுங்குகுழியில் படுத்தார்கள். பயிற்சியில் களைத்த கால்களோடு லீக் ஆடி அந்த சீசனை இரண்டாம் இடத்தில் முடித்தார்கள். 1916 ஜூலை 1, பிரான்சில் சோம் போரின் முதல் நாள், ஒரே நாளில் ஹார்ட்ஸ் ஆட்டக்காரர்கள் வாட்டி, கரி, எல்லிஸ் மூவரும் இறந்துபோனார்கள். போர் முடிவதற்குள் கிளப் இழந்த ஆட்டக்காரர்கள் ஏழு பேர்.

நினைவுத் தூண் 1922இல் வைத்தது. டிராம் பாதை போடும்போது கழற்றி எடுத்து, 2013இல் திரும்ப நிறுத்தினார்கள். அந்தப் படை போரிட்ட இடமான பிரான்சின் கான்டால்மேசான் ஊரில் 2004இல் ஸ்காட்லாந்துக் கல்லால் ஒரு நினைவுச்சின்னம் கட்டினார்கள். எங்கள் பஸ் ஆட்கள் சிலர் ஜூலையில் அங்கே போவார்கள். 2016இல் நானும் போனேன், நூறாவது வருடம். கோதுமை வயல் நடுவில் சின்ன கிராமம். லீத்கரை சொன்னது சரிதான், எங்களுக்கு முன்னால் ஹிப்ஸின் பச்சைக் கழுத்துத்துணி போட்ட ஒருவர் வந்து நின்றுகொண்டிருந்தார். தபால்காரர் அவரிடம் தன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். இரண்டு பேரும் ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

பார்வையாளன்:

நான் முதலில் எழுதியதில் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். செருப்புக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. ரயில் பயம் பயம்தான், அதை நான் விடவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். ரசிகர்கள் சொந்தமாக்கிய கிளப் என்கிறீர்கள். போன வருடம் இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப் உரிமையாளர் டோனி ப்ளூம் ஹார்ட்ஸில் பணம் போட்டதாகப் படித்தேன். அப்போது இது என்ன ஆகும்?

கோர்கிவாசி:

2025இல் கிட்டத்தட்ட ஒரு கோடி பவுண்டு போட்டு 29 சதவீதப் பங்கு எடுத்தார். வாக்குரிமை இல்லாத பங்கு. உறுப்பினர்களிடம் வாக்கெடுத்துத்தான் செய்தார்கள், மிகப் பெரும்பான்மையோர் சரி என்றார்கள். நானும் சரி என்றுதான் போட்டேன், ஆனால் இரண்டு நாள் யோசித்துப் போட்டேன். ரோமானோவ் காலத்தில் பணம் வந்தபோது எங்களை யாரும் கேட்கவில்லை. இந்த முறை கேட்டார்கள். தபால்காரர் வேண்டாம் என்று போட்டார். மறு சனிக்கிழமை பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் போனோம், ஸ்டர்லிங் வரைக்கும் அதைப் பற்றியே வாதம்.

புதுமாணவன்:

அண்ணா, நான் எடின்பரோ வந்து ஆறு வாரம் ஆகிறது. படிப்பு நன்றாகப் போகிறது. முதல் பதிவில் வெள்ளி இரவு முதல் திங்கள் காலை வரை என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை நான்கு தடவை படித்தேன். கால்பந்தில் ஆஃப்சைடு கூட எனக்குச் சரியாகப் புரியாது. சைவம் வேறு. நான் வந்தால் பரவாயில்லையா?

தேன்கூடு:

தம்பி, நானும் அன்றைக்கு வருகிறேன். ஆஃப்சைடு எனக்கும் தெரியாது.

கோர்கிவாசி:

இரண்டு பேரும் வாருங்கள். சனிக்கிழமை பகல் ஒன்றரைக்கு ஹேமார்க்கெட் கடிகாரத்தடியில் நிற்பேன், அங்கிருந்து டால்ரி ரோடு வழியாக நடந்தே போகலாம், இருபது நிமிடம். கையுறை மறக்க வேண்டாம், உட்கார்ந்தால்தான் குளிர் தெரியும். தம்பி, மைதானத்தில் மக்கரோனி பை கிடைக்கும், உள்ளே பாலாடைக்கட்டி போட்ட மக்கரோனி, கறி இல்லை. இடைவேளை வரைக்கும் காத்திருந்தால் தீர்ந்துவிடும், ஐந்து நிமிடம் முன்னாலேயே இறங்கு. உன் முழுப்பெயரைத் தனியாக அனுப்பு, எப்படி உச்சரிப்பது என்றும் எழுது. தபால்காரர் நோட்டில் எழுதுவதற்கு முன்னால் கேட்பார்.